கால்சுவர்தியின் 'நீதி': சிறைக் கொட்டடியும் மணச் சட்டமும்

சான் கால்சுவர்தி இயற்றிய 'நீதி' என்னும் நாடகத்தைச் சிறைச் சீர்திருத்த நாடகம் என்று கூறுதல் இலக்கிய வரலாற்று நூல்களில் வழக்காகிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் இலண்டன் யார்க்குக் கோமகன் அரங்கில், கிரான்வில் பார்க்கரின் இயக்கத்தில் அது முதன்முதல் அரங்கேறிற்று. உள்துறை அமைச்சராக அப்பொழுதுதான் பொறுப்பேற்றிருந்த சர்ச்சில் அதனைக் கண்டார்; அவ்வாண்டு சூலைத் திங்களில் கைதிகளின் தனிக் கொட்டடிக் காலத்தைக் குறைப்பதாகப் பொதுமக்கள் அவையில் அறிவித்தார். ஒரு நாடகம் ஐந்தே திங்களில் அரசின் விதியை மாற்றியது என்னும் செய்தி கேட்பார்க்கு இனிமை பயப்பது. எனினும் அவ்வினிமையே நாடகத்தின் உட்பொருளை மறைத்துவிட்டது என்பது எம் கருத்து. பால்டரைக் கொன்றது சிறைக் கொட்டடி மட்டும் அன்று. அவனைக் கொட்டடிக்கு இட்டுச் சென்ற மணச் சட்டமும் அப்பழியில் பங்குடையது.

கதை சுருக்கமானது. வழக்கறிஞர் நிலையம் ஒன்றில் இளைய எழுத்தனாகிய பால்டர், ஒன்பது பவுனுக்கு எழுதப்பெற்ற காசோலையைத் தொண்ணூறு பவுனாகத் திருத்திப் பணம் பெறுகின்றான். குடிகாரக் கணவனால் கழுத்து நெரிக்கப்பெற்று ஓடிவந்த ரூத்து என்பாளையும் அவள் மக்களையும் அழைத்துக்கொண்டு தென்னமெரிக்கா செல்லுதலே அவன் நோக்கம். நிலையத் தலைவர் சேம்சு ஃகௌ அவனைக் காவலரிடம் ஒப்படைக்கின்றார். மூன்றாண்டு கடுஞ்சிறை, பின் உரிமச் சீட்டின்பேரில் விடுதலை, பொய்ச் சான்றிதழ் காட்டியமையாலும் காவலரிடம் முறைப்படி தன்னை அறிவியாமையாலும் மீண்டும் பிடிபடுங்கால் அவன் கீழே குதித்து உயிர் விடுகின்றான்.

ரூத்து ஏன் அக்கணவனை விலக்கிக்கொள்ளவில்லை என்னும் வினாவை இன்றைய மாணாக்கர் எளிதில் எழுப்புவர். விடை 1857-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில் உள்ளது. அச்சட்டத்தின்படி மனைவி கற்புத் தவறினாள் என ஒன்றனையே காட்டிக் கணவன் மணவிலக்குப் பெறலாம். மனைவிக்கோ கணவனின் பிறன்மனை நயத்தல் மட்டும் போதாது. அதனோடு கொடுமையோ, கைவிட்டுச் செல்லுதலோ, பிற பெருங்குற்றமோ சேர்தல் வேண்டும். கொடுமை எத்துணைக் கடிதாயினும் தனித்து நின்று பயன்படாது. வழக்கினை இலண்டன் நகரத்து நீதிமன்றத்தில் தொடுத்தல் வேண்டுமாதலின், ஏழையர்க்கு அவ்வாயில் அடைபட்டே கிடந்தது எனலாம். 1878, 1895-ஆம் ஆண்டுச் சட்டங்கள் சிற்றூர் நடுவரிடமே பிரிந்து வாழும் ஆணை பெற வழி செய்தன. ஆனால் அவ்வாணை பெற்றவள் மறுமணம் செய்துகொள்ள இயலாள். ஆகவே, குற்றம் நிகழ்ந்த அன்று ரூத்தின் முன் இருந்த வழிகள் கணவனிடம் மீளுதலும், துணையின்றிப் பிழைத்தலும், சட்டத்திற்குப் புறம்பாக ஓடுதலுமே. மூன்றாவது வழிக்குப் பணம் வேண்டும். காசோலையில் ஏறிய அந்தச் சுழியம் அவ்வேண்டுதலின் விலை.

கால்சுவர்திக்கு இச்சட்டம் ஏட்டறிவு மட்டும் அன்று. அவர் 1890-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர். அன்றியும், தம் தந்தையின் உடன்பிறந்தார் மகனுக்கு மனைவியாயிருந்த ஏடா அம்மையாரோடு 1895 முதல் மறைவாக உறவு பூண்டிருந்தார். தந்தை 1904-ஆம் ஆண்டின் இறுதியில் இறந்த பின்னரே அவ்வுறவு வெளிப்பட்டது. கணவர் மணவிலக்குப் பெற, 1905-இல் இருவரும் மணந்தனர். செல்வமும், வழக்குத் தொடுத்தவன் கணவன் என்னும் நிலையும் அவர்களுக்கு விடுதலை தந்தன. அவ்விரண்டும் இல்லாத ஒருத்தியை அரங்கில் நிறுத்திப் பார்த்தார் ஆசிரியர். ஆசிரியர் வாழ்க்கையைக் கொண்டு நூலை அளத்தல் பெரும்பாலும் தவறாக முடியும்; ஈண்டு அது நூலின் நடுநரம்பைக் காட்டுதலின் கூறினோம்.

இரண்டாம் அங்கத்து வழக்கு மன்றக் காட்சி இதனை வலியுறுத்தும். குற்றஞ்சாட்டப்பெற்றவன் தானே சான்று கூறும் உரிமை இங்கிலாந்தில் பொதுவாக வழங்கப்பெற்றது 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். பால்டர் தன் வாயாலேயே தன் காதலைக் கூறுகின்றான். அவ்வுரிமையே அவனுக்குக் கேடாகின்றது. மணமான ஒருத்தியோடு கொண்ட தொடர்பினை இரக்கத்திற்குரிய காரணமாகத் தம்மால் ஏற்க இயலாது என்று நடுவர் கூறிவிடுகின்றார். 1907-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், குற்றவாளியின் அகவை, ஒழுக்கம், சூழ்நிலை ஆகியவற்றை நோக்கிப் பிணையில் விடும் உரிமையை மன்றங்களுக்கு அளித்திருந்தது. நடுவர் அவ்வழிச் செல்லவில்லை. 1891-ஆம் ஆண்டு முதல் கடுஞ்சிறைக்குரிய குறைந்த கால எல்லையாய் இருந்த மூன்றாண்டினையே விதிக்கின்றார். குறைந்த தண்டனைதான், ஆயினும் கடுஞ்சிறை என்றமையால் தனிக் கொட்டடி தானே உடன் வருகின்றது. மணச் சட்டத்தின் முடிச்சு சிறைக் கதவில் விழுவது இவ்விடத்தே என்க.

அக்கொட்டடி முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1842-இல் திறக்கப்பெற்ற பெண்டன்வில் சிறை, கைதியைத் தனியறையில் அடைத்தால் தீயோர் கூட்டுறவு நீங்கித் தன் குற்றத்தை எண்ணி வருந்துவான் என்னும் சமயச் சார்பான நம்பிக்கையின்மேல் எழுந்தது. தொடக்கத்தில் பதினெட்டுத் திங்கள். பின்னர் ஒன்பது திங்கள். நம்பிக்கை தேய்ந்த பின்னரும் வழக்கம் நின்றது. கால்சுவர்தி சிறைகளுக்கு நேரிற் சென்று கைதிகளோடு உரையாடி, 1909-இல் உள்துறை அமைச்சர்க்கு வெளிப்படை மடல் ஒன்றும் எழுதினார். அவ்வமைச்சராகிய கிளாட்சுடன் காலத்திலேயே எல்லார்க்கும் மூன்று திங்கள் எனக் குறைக்க முடிவாயிற்று. சர்ச்சில் அதனை மீண்டும் மீண்டும் குற்றம் புரிவார் ஒழிந்த ஏனையோர்க்கு ஒரு திங்களாக்கினார். ஆகவே நாடகம் திடீரென விளைத்த அற்புதம் என்பதனினும், முன்பே நகரத் தொடங்கிய தேரினை விரைந்து தள்ளிய கை என்பதே பொருந்தும்.

மூன்றாம் அங்கத்தின் இறுதிக் காட்சியைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பால்டர் ஒரு சொல்லும் கூறாது அறையில் உலவுகின்றான். தொலைவில் எழும் ஓசை பரவிவர, தானும் கதவினை மோதுகின்றான். நாடகங்களை முன்கூட்டியே படித்து ஒப்புதல் வழங்கும் தணிக்கை முறை நிலவிய காலம் அது. அம்முறையை எதிர்த்து 1909-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சான்று கூறியவருள் கால்சுவர்தியும் ஒருவர். தணிக்கையாளர் அடித்தற்கு ஒரு சொல்லும் இல்லாத காட்சியே அந்நாடகத்தின் மிகக் கூரிய காட்சியாயிற்று! ஆயினும் எமக்கு அதனினும் அஞ்சத்தக்கதாய்த் தோன்றுவது, அதற்கு முன்னர்ச் சிறை மருத்துவர் பேசும் பகுதி. கைதியின் எடை குறையவில்லை, நாடி நன்றாக உள்ளது என்பதால் அவனைப் பற்றித் தனித்து அறிக்கை விட வழியில்லை என்கின்றார் அவர். அவர் கொடியவர் அல்லர். சிறைத் தலைவரும் அல்லர். கொடியவர் ஒருவரும் இன்றியே கொடுமை நிகழ்கின்றது.

சிறை விதியை மாற்ற அமைச்சரின் ஆணை போதுமாயிருந்தது. மணச் சட்டம் அவ்வாறு அசையவில்லை. 1909-இல் அமைக்கப்பெற்ற கோரெல் ஆணையம் 1912-இல் தந்த அறிக்கையில், பெரும்பான்மையோர் இருபாலார்க்கும் ஒத்த உரிமையையும், கொடுமை தனித்தே காரணமாதலையும் பரிந்துரைத்தனர். ஒத்த உரிமை 1923-இல் வந்தது. அதுவும் ரூத்தின் முதல் நிலைக்கு உதவாது, கொடுமை மட்டும் அப்பொழுதும் போதாதாகையால். 1937-ஆம் ஆண்டுச் சட்டமே அக்கதவைத் திறந்தது. அரங்கேற்றத்திற்குப் பின் இருபத்தேழு ஆண்டுகள்! 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி இந்தியக் கிறித்தவர்க்கென 1869-இல் இயற்றப்பெற்ற மணவிலக்குச் சட்டத்தில் அதே வேற்றுமை 2001 வரை நிலைத்திருந்தது என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

நாடகத்தில் குறை இல்லாமல் இல்லை. ரூத்து பெரிதும் பிறர் வாய்மொழியாலேயே விளக்கப்பெறுகின்றாள். முதல் மூன்று அங்கங்களில் அவளுக்கெனத் தனிக்குரல் மிகுதியும் இல்லை. நான்காம் அங்கத்திலோ, பால்டர் சிறையிலிருந்த காலத்தில் தைத்துப் பிழைக்க முயன்றதையும், நள்ளிரவு வரை உழைத்தும் வாரத்திற்குப் பத்துச் சில்லிங்கிற்கு மேல் கிட்டாமையையும், பின் முதலாளிக்கு உடன்பட நேர்ந்ததையும் சில தொடர்களில் கூறிவிடுகின்றாள். 1906-இல் இலண்டனில் நடைபெற்ற வியர்வைத் தொழிற் கண்காட்சியும், நான்கே தொழில்களுக்குக் குறைந்த கூலி வகுத்த 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தொடர்களின் பின்னணி. அரங்கினர் அதனை அறிவராதலின் ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. நாம் விரித்தே படித்தல் வேண்டும். ஏனெனில், அவளைக் கைவிட்டால் பால்டர்க்கு மீண்டும் வேலை தருவதாகச் சேம்சு ஃகௌ கூறும்பொழுது, அந்நிபந்தனை எத்தகைய வாழ்வினுள் அவளை மீண்டும் தள்ளுவது என்பது அச்சில தொடர்களைக் கொண்டே விளங்கும். அதற்கு ஒருப்பட்டு விலகிக்கொள்ள முன்வருபவளும் ரூத்தே. காவலன் கதவருகே வந்து நிற்பது அதன் பின்னரே.