35 குதிரைகள் குறைந்த பனிகாலே

டுகாட்டி பனிகாலே வி2 பற்றி எங்கே பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஒரு கழித்தல் கணக்கு. 155 இருந்தது, இப்போது 120. 955 சிசி சூப்பர்குவாட்ரோ போய் 890 சிசி எஞ்சின் வந்ததில் 35 குதிரைகள் காணாமல் போயின, போகும்போது டெஸ்மோ என்ற வால்வு ஏற்பாட்டையும் கூட்டிக்கொண்டு போயின. டுகாட்டி பக்தர்களின் புலம்பல் இதுதான். புலம்பலில் உள்ள தகவல் எல்லாம் சரி. முடிவுதான் தவறு. சாலையிலும் ரேஸ் தடத்திலும் ஒரே வண்டியை ஓட்ட நினைப்பவருக்கு, டுகாட்டியின் போர்கோ பனிகாலே தொழிற்சாலையிலிருந்து வந்த நடுத்தர ஸ்போர்ட் பைக்குகளில் இவ்வளவு பொருத்தமாக இன்னொன்று வந்ததில்லை என்பேன். அந்தப் பொருத்தம் வந்ததே மேற்படி இரண்டு இழப்புகளால்தான்.

டெஸ்மோவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் காயம் அங்கேதான் ஆழம். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு வால்வு வினாடிக்கு 83 முறை திறந்து மூடுகிறது. 1950களின் ஸ்பிரிங் எஃகுக்கு அந்த வேகம் கட்டுப்படியாகவில்லை. ஸ்பிரிங் துடித்தது, உடைந்தது, வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதந்தது. டுகாட்டிப் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி அதற்குக் கண்ட விடை, திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொன்று. 1956இல் சுவீடனின் ஹெடெமோராவில் ஜியானி தெலி அந்தோனி ஓட்டிய 125 சிசி டெஸ்மோ பைக், முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. ஆக, டெஸ்மோ என்பது அன்றைய உலோகத்தின் போதாமைக்குச் சொன்ன பதில். அந்தப் போதாமை எப்போதோ தீர்ந்துவிட்டது. எம்வி அகுஸ்டா எஃப்3 675 தன் உச்ச சக்தியை எட்டுவது 14,400 ஆர்பிஎம்மில், அதுவும் சாதாரண ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு. 10,750இல் உச்சம் தொடும் இந்த வி2வுக்கு ஸ்பிரிங் போதாது என்று எந்தக் கணக்கும் சொல்லாது. பிஸ்டனின் சராசரி வேகமே வினாடிக்கு 22 மீட்டர்தான். மெனக்கெடாமல் சுற்றும் எஞ்சின்.

டெஸ்மோ இல்லாமல் அது டுகாட்டியே அல்ல என்பவர்களுக்கு 1971ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு வந்த 750 ஜிடிதான் இவர்கள் கும்பிடும் 90 டிகிரி இரட்டை சிலிண்டர் வம்சத்தின் மூத்த பிள்ளை. அதில் இருந்தவை ஸ்பிரிங்குகள். வைத்தவர் வேறு யாருமல்ல, தாலியோனியேதான். ரேஸுக்கு டெஸ்மோ, ஊர் சுற்ற ஸ்பிரிங் என்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் ஒரு பொறியியல் வசதியைச் சமயமாக்கினார்கள். அந்தச் சமயத்தின் காணிக்கை சர்வீஸ் பில்லில் வரும். எட்டு வால்வுக்கு எட்டு இடைவெளி சரிபார்த்தால் தீரும் வேலையை டெஸ்மோ பதினாறாக்கும்.

ஆனால் இந்த எஞ்சினில் என்னைக் கட்டிப்போடும் விஷயம் இன்னொன்று. அதைப் பெரிதாகப் பேசுபவர்கள் குறைவு. போர் 96 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 61.5. இந்த 61.5ஐ டுகாட்டி ரசிகர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது 748இன் ஸ்ட்ரோக். 916இன் சட்டத்துக்குள் 88 மில்லிமீட்டர் போருடன் உட்கார்ந்த அந்தச் சின்ன எஞ்சின், அண்ணனைவிட விறுவிறுப்பாகச் சுற்றும் என்று பெயர் வாங்கியதற்கு இந்தக் குட்டை ஸ்ட்ரோக்தான் காரணம். 916க்கு அது 66. முப்பது ஆண்டு கழித்து அதே எண் திரும்பி வந்திருக்கிறது, பிஸ்டன் மட்டும் 8 மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது. தற்செயலாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் இது எங்கே நிற்கிறது என்று புரியும். 748இல் போர், ஸ்ட்ரோக்கைப்போல் 1.43 மடங்கு. சூப்பர்குவாட்ரோவில் 100க்கு 60.8, அதாவது 1.64. புதியது 1.56. சூப்பர்குவாட்ரோ உச்சத்தை நோக்கியே வரைந்த எஞ்சின். பிரம்மாண்டமான பிஸ்டன், அதற்கேற்ற பெரிய வால்வுகள், மேலே போனால்தான் மூச்சு விடும். புதியது அந்தப் பந்தயத்திலிருந்து ஓரடி பின்வாங்கி 748 இருந்த பக்கம் நகர்ந்திருக்கிறது. இன்று கோவில் கட்டிக் கும்பிடும் அந்த 748இன் சாதாரணப் பதிப்புக்கு நிறுவனம் சொன்ன சக்தி 98 குதிரைத்திறன். 120 போதாது என்பவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

பின்வாங்கியதில் கிடைத்தது என்ன? இன்டேக் கேமின் நேரம் 52 டிகிரி வரை தொடர்ந்து மாறும் ஏற்பாடு. கீழே வால்வுகளின் ஓவர்லாப் சுருங்குகிறது, மேலே விரிகிறது. 3,000 ஆர்பிஎம்மிலேயே டார்க்கில் 70 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகிறது. 4,000 முதல் 11,000 வரை அது 80க்குக் கீழே இறங்குவதில்லை. (டெஸ்மோவோடு மாறும் நேரத்தைச் சேர்க்க முடியாதா என்றால், முடியும். 2015 மல்டிஸ்டிராடாவில் டுகாட்டியே சேர்த்துக் காட்டியது. ஆனால் புது எஞ்சினின் எடை 54.4 கிலோ, பழையதைவிட 9 கிலோவுக்கு மேல் குறைவு. டெஸ்மோவின் கூடுதல் ராக்கர்களையும் ஏற்றிக்கொண்டு இந்த எடைக்கு வருவது கடினம்.) உச்ச டார்க் 104லிருந்து 93.3 நியூட்டன் மீட்டருக்கு இறங்கியது உண்மை. ஆனால் உச்சம் என்பது ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

இதைச் சோதிக்கத் தொழிற்சாலையின் வாசலிலேயே பாதை இருக்கிறது. போலோனியாவிலிருந்து தெற்கே மலையேறினால் ராத்திகோசா, பிறகு ஃபூத்தா. 1,000 மீட்டரைத் தொடாத கணவாய்கள், மில்லே மில்லியா கார்கள் பறந்த பாதை. நேர்ப்பகுதி குறைவு, வளைவு அதிகம், ஒட்டுப்போட்ட தார். இங்கே வேலை நடப்பது 4,000க்கும் 7,000க்கும் நடுவில். சூப்பர்குவாட்ரோ அந்த இடத்தில் சோம்பும். ஒரு கியர் இறக்கி 9,000 பக்கம் தூக்கினால்தான் விழிக்கும், விழித்தபோது அடுத்த ஹேர்பின் வந்திருக்கும். புதியது மூன்றாம் கியரிலேயே வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு போகும். ஹேண்டில் உயர்ந்திருப்பதால் மணிக்கட்டில் பாரம் குறைவு. எடையோ 17 கிலோ குறைவு. எஸ் பதிப்பு பெட்ரோல் இல்லாமல் 176.

ஃபூத்தாவைத் தாண்டி இறங்கினால் அந்தப் பக்கம் முஜெல்லோ ரேஸ் தடம். எதிர்வாதத்துக்குப் பலம் அங்கேதான். ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் அந்த நேர்ப்பாதையில் 155 போகும் இடத்துக்கு 120 போகாது, மறுக்க ஒன்றுமில்லை. 955தான் 2023இல் நிக்கோலோ புலேகாவுக்கு உலக சூப்பர்ஸ்போர்ட் பட்டம் வாங்கித் தந்தது என்பதும் உண்மை. ஆனால் புலேகாவின் தேவையும், ஞாயிற்றுக்கிழமை டிராக் டேக்கு வருபவரின் தேவையும் ஒன்றல்ல. பின்னவர் நேரத்தை இழப்பது நேர்ப்பாதையில் அல்ல. பிரேக்கை முன்கூட்டியே பிடிப்பதில் இழக்கிறார், வளைவிலிருந்து வெளியேறும்போது த்ராட்டிலைத் திறக்கத் தயங்குவதில் இழக்கிறார். 17 கிலோ குறைந்த வண்டி முதல் தயக்கத்தைக் குறைக்கும். முன்கூட்டியே தெரியும் டார்க் இரண்டாவதைக் குறைக்கும். டயரும் கூடுதல் சுற்று தாங்கும். 155ஐயும் முழுதாகத் திறக்கத் தெரிந்தவர் அந்தச் சக்தியை நியாயமாகவே கேட்கலாம். அப்படிப்பட்டவர் ஒரு டிராக் டேயில் எத்தனை பேர்?

எஃப்3 800காரர்கள் 148 குதிரைத்திறனையும் எதிர்த்திசையில் சுழலும் கிராங்க்கையும் காட்டுவார்கள். அந்தக் கிராங்க் அற்புதம்தான். சாயும்போது சக்கரங்களின் சுழல்விசையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், வண்டி நினைத்த பக்கம் சரியும். 2014இல் ஜூல் க்ளூசெல் பிலிப் தீவின் உலக சூப்பர்ஸ்போர்ட் பந்தயத்தில் அந்த வம்சத்தின் 675ஐ ஜெயிக்கவைத்தபோது கண் கலங்காத ரசிகர் உண்டா? ஆனால் அது எப்போதும் வெறியில் இருக்கும் வண்டி, சாலையில் அரை மணியில் களைப்பாக்கிவிடும். அப்ரிலியா ஆர்எஸ் 660 நேர் எதிர். 100 குதிரைத்திறன் பக்கம் நின்று சமர்த்தாக எல்லாம் செய்யும், தடத்தில் கடைசி விளிம்பில் மட்டும் சஸ்பென்ஷன் கையை விரிக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில்தான் வி2 சரியாக உட்கார்ந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் போய்விட்டது. 999இல் இதையே செய்து டுகாட்டி வசை வாங்கியது, 1098இல் திருப்பிக் கொடுத்து மன்னிப்புப் பெற்றது. இப்போது காரணம் நியாயமானதுதான். பக்கவாட்டு வளைவுத்தன்மை வேண்டும், எடை குறைய வேண்டும். பெரிய வி4 கூட அந்த வழிக்குப் போய்விட்டது. ஆனாலும் வலது பக்கம் திறந்து கிடந்த அந்தச் சக்கரத்துக்கு வேறு ஈடில்லை. மூளைக்குப் புரிகிறது, கண்ணுக்குப் புரியவில்லை. பழைய உலர் கிளட்ச்சின் கலகலப்பை விட்டுவிட்டேன், அது போய் நாளாகிவிட்டது. மாசு, ஒலி விதிகளுக்குள் அடங்கிய இன்றைய சத்தம் நாகரிகமாக இருக்கிறது. இத்தாலிய வண்டியிடம் நாகரிகத்தை யார் கேட்டார்கள்? விமர்சனங்களும் தேய்ந்துவிட்டன. டைனோ தாளில் ஒரு மலைமுகட்டை வரைந்து, அது எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறார்கள். வளைகோட்டின் இடது பாதியை யாரும் படிப்பதில்லை.

பயமும் அங்கேதான். இந்தக் கூச்சல் தொடர்ந்தால் தொழிற்சாலை இசைந்துவிடும். கூர்மையான கேம், அகன்ற வால்வு என்று 130, 140க்கு ஏற்றிய பதிப்பு ஒன்று வரும், கைதட்டலும் கிடைக்கும். அன்று முதலில் காணாமல் போவது 4,000 ஆர்பிஎம்மில் இருக்கும் அந்த டார்க்.