பிரதி இல்லாத நாடகத்துக்கு ஒரு வரலாறு

கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் மார்க்சிய விமர்சகர், இலக்கிய வரலாற்றாசிரியர், கைலாசபதியின் தோழர் என்று வரிசையாகச் சொல்வார்கள். நாடகம் கடைசியில்தான் வரும், அதுவும் வந்தால். ஆனால் 1970இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வுக்கு. அதற்கு முன்பே இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகத்தில் விதானையாராக நடித்துப் பெயர் வாங்கியவர். நடித்துப் பார்த்த ஆள் வரலாறு எழுதுவது வேறு மாதிரித்தான் இருக்கும்.

அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டி ஜோர்ஜ் தொம்சன். ஈஸ்கிலஸை ஏதென்ஸின் சமூக மாற்றத்தோடு சேர்த்து வாசித்தவர். குலச் சமூகத்தின் சடங்கு எப்படித் துன்பியல் நாடகமாக வளர்ந்தது என்பது அவருடைய கேள்வி. சிவத்தம்பி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சிக்கல் என்னவென்றால், கிரேக்கத்துக்கு நாடகப் பிரதிகள் கையில் இருக்கின்றன. நமக்கு அந்தக் காலத்து நாடகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்குக் கணக்குச் சொல்கிறது. மூன்று வகைத் திரையையும் சொல்கிறது. அந்த மேடையில் என்ன பேசினார்கள்? தெரியாது.

இப்படியான இடத்தில் நம்மவர்களுக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. எல்லாம் இருந்தது, கடல் கொண்டுபோய்விட்டது என்று பெருமூச்சு விடுவது. சிவத்தம்பி அதைச் செய்யவில்லை. பிரதி இல்லையா, சரி, ஆடியவர்கள் இருக்கிறார்களே என்று கூத்தர், பொருநர், பாணர், விறலியர் பக்கம் திரும்பினார். அவர்கள் யார், யாரை நம்பி வாழ்ந்தார்கள், சமூகம் மாறியபோது அவர்கள் நிலை என்ன ஆனது? ஆற்றுப்படையில் வரும் பசியை அணியழகாக மட்டும் பார்க்காமல் தொழில்முறைக் கலைஞரின் வாழ்க்கைச் சான்றாகப் பார்க்க இந்த வாசிப்பு வழிவிட்டது. அவருடைய பெரிய சாதனை இதுதான் என்பேன்.

என்னுடைய முறைப்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. ஏதென்ஸை அளவுகோலாக வைத்தால், துன்பியல் நாடகம் தோன்றாத சமூகம் எதையோ தவறவிட்டதாகத் தோன்றும். அந்த நிழல் நூலில் விழுந்திருக்கிறது. ஆட்டமும் பாட்டும் சடங்கும் பிரியாமல் கிடப்பது நாடகத்துக்கு முந்திய படியா, இல்லை அதுவே ஒரு முழுமையான அரங்கா? மட்டக்களப்பில் விடிய விடிய வடமோடியும் தென்மோடியும் ஆடுகிற களரியில் நின்று பார்த்தால் இரண்டாவதுதான் சரி என்று படும்.

அந்தக் களரியை அவரும் அறியாதவரல்ல. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கைத் திருப்பிப் போட்ட பிறகு, பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைக் கையிலெடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்'. வட்டக்களரி படச்சட்ட மேடைக்கு வந்தது. இரவு முழுக்க நடந்தது சுருக்கமாக வெட்டப்பட்டது. அந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்களில் சிவத்தம்பியும் ஒருவர். படித்தவர்கள் நாட்டார் சமாச்சாரம் என்று ஒதுக்கிய கூத்துக்கு அதனால் மதிப்பு வந்தது, உண்மை. ஆனால் ஊரில் கூத்தை முடிவுசெய்த அண்ணாவியாரின் இடத்துக்குப் பல்கலைக்கழகத் தயாரிப்பாளர் வந்துவிட்டார். பண்டைக் கூத்தரைப் பற்றி 'யாரை நம்பி வாழ்ந்தார்கள்' என்று கேட்டவர், தம் காலத்து அண்ணாவியாரைப் பற்றி அதே கேள்வியை அதே கறாரோடு கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அந்த அழுத்தம் அவரிடம் குறைவு.

பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அந்த மேடைகளில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே தம் ஆய்வுப் பொருளாக்கினார். கூத்தை மேடைக்குச் செப்பனிடுவதா, ஆடுகிற ஊரோடு இருந்தே மீளுருவாக்குவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கையில் எடுக்கிற ஆயுதம், ஆட்டத்தை ஆடுகிறவரின் வாழ்வோடு வைத்துப் பார்ப்பது. அதைத் தமிழ் நாடக ஆய்வுக்குப் பழக்கியதில் சிவத்தம்பிக்குப் பெரும்பங்கு உண்டு. அவரோடு முரண்படுவதற்கும் அவரைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.