சேலத்துப் பிசாசும் இரண்டு முள்ளம்பன்றி முட்களும்

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர்க்காரர். அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்', 1954-ல் வந்தது. அதில் வரும் ஜவளகிரியும், தளி பக்கத்துக் கும்மளாபுரமும் இப்போ கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் எழுதின காலத்தில் ரெண்டுமே, நம்ம ஏற்காடு மாதிரி, சேலம் மாவட்டம்தான். சேர்வராயன் மலைக் குறிப்புகளுக்கு நடுவில் இந்தப் புத்தகத்தை எடுக்க அதுதான் காரணம்.

கும்மளாபுரத்துச் சிறுத்தைக்குத் தலைப்பிலேயே 'புள்ளிப் பிசாசு' என்று பேர் வைத்துவிடுகிறார். 42 பேரைக் கொன்றது என்று கணக்கும் சொல்கிறார். பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர், வெளியூரிலிருந்து வரும் துப்பாக்கிக்காரர், இருட்டில் அவரை உஷார்படுத்தும் ஒரு பூனைக்குட்டி. அசுரனைத் தேடிப்போகும் நாயகன் கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கு. சும்மா சொல்லக்கூடாது, கீழே வைக்க முடியாத எழுத்து.

ஆனா எனக்கு முக்கியமாகப் பட்டது, சுட்டு முடித்த பிறகு வரும் சில வரிகள். தோலை உரித்துப் பார்த்தால் முன்னங்காலில் இரண்டு முள்ளம்பன்றி முட்கள் ஒடிந்து புதைந்திருக்கின்றன. அந்த வலியோடு வழக்கமான இரையைத் துரத்திப் பிடிக்க முடியாது. பிசாசுக்கு விளக்கம் அவ்வளவுதான். ஜவளகிரிப் பெண்புலி கதை இன்னும் மோசம். முதலில் அதன் இணையைச் சுட்டார்கள், பிறகு அதையும் சுட்டுக் காயப்படுத்தினார்கள். அது ஆட்கொல்லி ஆனது அதற்கப்புறம்தான்.

சாஃப்ட்வேரில் சிஸ்டம் விழுந்தால் முதலில் அதைத் தூக்கி நிறுத்துவோம். பிறகு ஏன் விழுந்தது என்று எழுதுவோம். அந்த அறிக்கைதான் அடுத்த தடவை நம்மைக் காப்பாற்றும். ஆண்டர்சன் காரணத்தை நேர்மையாகத் தேடுகிறார். ஆனா அதைக் கதையின் வாலில் ஒட்டிவிட்டு, தலையில் பிசாசை உட்கார வைக்கிறார். இதுதான் புத்தகத்தின் மேல் எனக்குள்ள குறை.

கதவுக்குப் பின்னால் நடுங்கினவர்கள் 'பிசாசு' என்றால் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். செத்தது அவர்கள் வீட்டு ஆள். காரணம் தெரிந்தவர் அதே சொல்லைத் தலைப்பில் வைப்பது வேறு விஷயம்.

இது பழைய கதை இல்லை. ஏற்காட்டில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து காட்டைத் திருத்திக் காபி போட்டோம். இன்றைக்கு அதே சரிவில் காட்டெருமை வந்தால் அதை 'அட்டகாசம்' என்கிறோம். முட்டுப்பட்டவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நியாயம் உண்டு. செய்தி எழுதுகிறவரும் படிக்கிற நாமும் அதோடு நின்றுவிட்டால், அடுத்து விரட்டுவது ஒன்றுதான் தோன்றும். எந்தப் பக்கத்துத் தண்ணீர் வற்றியது, எந்த வழியை வேலி அடைத்தது என்று கேட்கத் தோன்றாது. அந்த இரண்டு முட்களையும் தேட வேண்டியது அங்கேதான்.