ஆடு தொடாத இலை

செங்கல்பட்டைச் சுற்றிய ஊர்களில் வேலியோரம் ஆடாதோடை நிற்கும். ஆடு தொடாததால் வந்த பெயர் என்பார்கள். தண்டு எட்டாத உயரமில்லை, முள்ளும் கிடையாது. இருந்தும் ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

பூத்திருக்கும் நாளில் குனிந்து பாருங்கள். சிங்கம் வாய் பிளந்தாற்போல் இரண்டு உதடுள்ள வெள்ளைப் பூ. வடமொழியில் சிம்மாஸ்யம் என்றே அதற்கொரு பெயர் உண்டு. கீழுதட்டில் ஊதா இழைகள் தொண்டைவரை ஓடும். தேனீக்குப் போட்ட கோலம்! பூவில் விருந்து வைத்துவிட்டு, இலையில் கதவடைத்த செடி.

கசக்கும் அந்த இலையில் வாசிசின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. சித்த மருத்துவம் அதே இலையில் இருமலுக்கு மணப்பாகு காய்ச்சியது. வாசிசினை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தவையே புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும். சளியை இளக்கும் இந்த மருந்துகள் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1996-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள்.

கிழக்கே போனால் மாமல்லபுரத்துக் கடல். நீருக்கடியில் பாறையைப் பற்றி வாழும் கடற்பஞ்சும் ஆடாதோடையின் சாதிதான்: நின்ற இடத்திலிருந்து ஓட முடியாத உயிர். உடம்பெல்லாம் ஊசித்துளை. துளைதோறும் கடல் உள்ளே புகுந்து, இரை தந்து, பெரிய வாய் வழியே வெளியேறும். பல்லோ ஓடோ இல்லாத அந்த மெல்லுடலுக்கு ரசாயனமே காவல். ஒகினாவாக் கடற்பஞ்சில் 1986-இல் கண்ட மன்சமைன் என்னும் ரசாயனம், ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமியை அடக்கியது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் வளர்ந்த கடற்பஞ்சுக்குள் குடியிருந்த பாக்டீரியா ரிஃபாமைசின் சுரப்பது 2006-இல் தெரிந்தது. காசநோயாளி விழுங்கும் ரிஃபாம்பிசின் அந்தக் குடும்பத்து மருந்துதான். அதன் முன்னோடி 1957-இல் பிரான்சின் கடலோரப் பைன் காட்டு மண்ணிலிருந்து கிடைத்தது. மண்ணில் ஒருமுறை, கடற்பஞ்சின் மடியில் மறுமுறை!

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் காசநோய்க்கும் ஒரு கணக்கு உண்டு. 1968-இல் தொடங்கிய பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி ஆய்வுக்கு அந்த மாவட்டத்து மக்கள் லட்சக்கணக்கில் கை நீட்டினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதை உலகுக்குச் சொன்னது அவர்கள் கைதான். மருந்து தேடும் வேலை முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலிருந்து நோயாளியின் உள்ளங்கை வரை வழி நெடிது. அதுவரை மருத்துவர் தந்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. இலைச்சாறு அதற்கு ஈடாகாது. ஆனால் அடுத்தமுறை வேலியோரம் ஆடு முகம் திருப்பும்போது, அது மறுத்த இலையை நாம் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.