தலைமேல் வைக்கப்படும் கைகள்: மலாக்காத் தமிழ்ச் சபைகளும் குருப்பட்ட மரபுகளும்

மலாக்கா மாநிலத்தின் செலண்டார் வட்டாரமானாலும் சரி, மலாயாவின் வேறு எந்த மூலையானாலும் சரி, தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் குருவானவர் வந்துபோகிறவர். உபதேசியார்தான் கூடவே இருப்பவர். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும், ஞாயிறு ஆராதனையை நடத்தியதும், சாவு வீட்டில் விடியும்வரை உட்கார்ந்து பாடியதும் அவரே. அவருக்குப் பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. பலர் விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, பால்மரம் சீவி, மாலையில் வேதாகமத்தை எடுத்தவர்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகப் போனார்; எந்த ஊரிலும் நிலையாகத் தங்க முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்திலும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை நியமித்தார். ஜெபம் நடத்துவது, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஆகியவை அவர் பொறுப்பு. அந்தக் கரையிலிருந்து வந்த சவேரியார் 1545-இல் மலாக்காவில் இறங்கினார். மலாக்காவின் கிறிஸ்தவ வரலாற்றைப் பேசுகிறவர்கள் சவேரியாரை மறப்பதில்லை. அவர் பின்னால் விட்டுவந்த தமிழ்க் கணக்கப்பிள்ளைகளையும் நினைத்துப் பார்ப்பது நியாயம்.

தமிழர் ஒருவரைப் புராட்டஸ்டண்ட் சபை முழுக் குருவாக்கியது அதற்கு வெகு காலம் கழித்து. மிஷனரிகளான சீகன்பால்கும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் கால் வைத்தது 1706-இல். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1733 டிசம்பர் 28 அன்று, கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன் அபிஷேகம் பெற்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக உழைத்து, மிஷனரிகள் அறிய வாழ்ந்தவர் அவர். படிப்பு, நடத்தை, சபையின் ஒப்புதல் என்ற மூன்று அளவுகோல்களும் அன்றே இருந்தன. நான்காவதாக எழுதப்படாத ஒன்றும் இருந்தது. அதே பட்டத்துக்குப் பேசப்பட்டவர் ராசநாயக்கன். தஞ்சாவூர்ப் படையில் வீரராக இருந்தவர், ஊழியத்தில் யாருக்கும் இளைத்தவரல்லர். பறையர் குலத்தில் பிறந்தவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சத்தால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆரோனைக் கொண்டாடும் ஒவ்வொரு மேடையிலும் ராசநாயக்கனின் பெயரும் சொல்லப்பட வேண்டும். குருப்பட்டத்தின் தரம் பற்றிய எந்தப் பேச்சும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

மலாக்கா நகரத்துச் சிவப்புக் கோயிலான கிறைஸ்ட் சர்ச் டச்சுக்காரர்கள் 1753-இல் கட்டி முடித்தது. 1838-இல் அதை ஆங்கிலிக்கன் முறைப்படி அர்ச்சித்தவர் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன். ஒரு பேராயர் கடல் கடந்து வர வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலிக்கன் மரபில் அர்ச்சிப்பும் குருப்பட்டமும் பேராயரின் கையிலேயே இருக்கின்றன. அப்போஸ்தலர் காலம் முதல் கைமாறி வரும் வரிசை அது என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் உதவிகுரு, பிறகு குரு என்று படி உண்டு. அந்த வரிசையில் முதல் இந்தியப் பேராயராக வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் கல்கத்தாவில் அபிஷேகமானார்.

இந்த வரிசையைப் பற்றிய வழக்கு தென்னிந்தியாவில் இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது என்றே சொல்லலாம். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் ஒரே சபையாவோம் என்று அறிக்கை விட்டனர். பேராயர் கைவைக்காத மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் குருமார்களை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு இழுத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது கிடைத்த விடை துணிச்சலானது: யாருக்கும் மறுபடி பட்டம் கொடுப்பதில்லை, இருக்கும் குருமார் எல்லாரும் குருமாரே, இனிமேல் வரும் அபிஷேகங்கள் மட்டும் பேராயர் கையால். உலகச் சபைகள் பலவும் அன்று இதைக் கூர்ந்து கவனித்தன.

கத்தோலிக்க மரபின் விதிகள் எண்ணில் தெளிவானவை. மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறாண்டுப் படிப்பு. முதலில் திருத்தொண்டர் பட்டம். ஆறு மாத இடைவெளியாவது கழித்து, 25 வயது நிறைந்த பின் குருப்பட்டம். பினாங்கில் 1808 முதல் இருக்கும் பொதுக் குருமடம் இந்தப் பயிற்சியின் பழைய வீடு. பட்டம் பெறுபவர் பீடத்தின்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்க, சபை புனிதர்களை அழைத்து மன்றாடும். அதன்பின் ஆயர் பேசாமல் தலைமேல் கை வைக்கிறார்.

மலேசிய மெதடிஸ்ட் சபை வந்த வழி வேறு. 1885-இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தோபர்ன், ஓல்டம் ஆகியோரின் அமெரிக்க மரபில் பேராயர் உண்டு. ஆனால் அவரை நான்காண்டுக்கு ஒருமுறை மாநாடு தேர்ந்தெடுக்கிறது. தமிழ்ச் சபைகளுக்கென்று தனி ஆண்டு மாநாடும் உண்டு. முழு உறுப்பினராகச் சேரும் ஊழியரிடம் ஜான் வெஸ்லி காலத்துக் கேள்விகளை இன்றும் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்று, ஊழியத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்பது. பரலோகம் பற்றிய கேள்விகளுக்கு நடுவே கடனையும் விசாரிக்கும் அந்த முறை மிக நல்ல முறை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் 1979-இல் கூட்டாகத் தொடங்கிய மலேசிய இறையியல் கல்லூரி சிரம்பானில் இருக்கிறது, மலாக்காவுக்குப் பக்கம்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் அழைப்பே முதல் தகுதி. 1920-களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வெள்ளை உடை, மணமாகா வாழ்வு, சம்பளமில்லாத விசுவாச வீடு என்று வாழ்க்கையையே பரீட்சையாக வைத்தது.

மருத்துவமனைச் சாப்ளினுக்குத் தேவைப்படுவது இன்னொரு வகைப் பயிற்சி. 1925-இல் அமெரிக்காவின் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் அனுப்பிப் பயிற்றினார். இன்று அந்நாட்டில் அப்பயிற்சியின் ஓர் அலகு 400 மணி நேரம். நோயாளியிடம் பேசியதை மாணவர் எழுதிக் கொண்டுவந்து, மூத்தவர் முன்னிலையில் வரிவரியாக ஆராய வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சிஎம்சி) சாப்ளின்களுக்கென்று தனித் துறை உண்டு. பிரசங்கம் நன்றாக வருகிறவர் எல்லாரும் படுக்கையருகே நன்றாக உட்கார்ந்துவிட முடியாது.

திருமணத்தில் சட்டமும் குறுக்கே வருகிறது. மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, அமைச்சர் உதவிப் பதிவாளராக நியமித்த குருவே கோயிலில் நடத்தும் திருமணத்தைத் தாமே பதியலாம். அமெரிக்காவில் கேட்டவர்க்கெல்லாம் தபாலில் குருப்பட்டம் அனுப்பிய யுனிவர்சல் லைஃப் சர்ச் போன்றவற்றின் சான்றிதழ் அந்த நியமனத்துக்கு ஈடாகாது. மணமக்களின் பெற்றோர் குருவானவரிடம் இந்த நியமனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

உபதேசியாருக்கு வருவோம். 2021 மே மாதம் போப் பிரான்சிஸ் உபதேசியாரின் பணியை, கத்தோலிக்கர் சொல்லில் வேதியர் பணியை, முறையான திருப்பணியாக நிறுவினார். ஆண், பெண் இருபாலரும் ஆயரிடம் அதைப் பெறலாம். அடுத்த ஜனவரியில் ரோமில் அவரே அச்சடங்கை நடத்திச் சிலுவைகளைக் கொடுத்தார். யாருக்கு, எத்தனை காலப் பயிற்சிக்குப் பின், எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கே விட்டார். மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆயர்கள் வகுக்கும் விதிகளில், எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு முப்பது ஆண்டு ஜெபம் நடத்திய தோட்டத்துப் பெண்மணிக்கும் இடம் இருக்க வேண்டும். தமிழில் பயிற்சியும் இருக்க வேண்டும்.