'உஸ்தாத்' என்னும் பட்டம்: ஒரு சமூகவியல் நோக்கு

இசைக்கலைஞரின் பெயருக்கு முன் நிற்கும் பட்டத்தை வெறும் மரியாதைச் சொல்லாகக் கொள்வதே பெருவழக்கு. ஆயின் பட்டங்களுக்கும் சமூக வரலாறு உண்டு. வட இந்திய இசையுலகில் வழங்கும் 'உஸ்தாத்' இதற்குத் தக்க சான்றாகும்.

பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல், ஆசானையும் தொழிலிற் கைதேர்ந்தவரையும் ஒருங்கே குறிப்பது. உருது வழக்கில் தையல், கட்டடவேலை முதலிய கைத்தொழில்களில் வல்லோரும் உஸ்தாத் எனவே அழைக்கப்படுவர். எனவே, இசைஞரின் பட்டத்தினுள் உழைப்பாளியின் அடையாளம் உறைந்துள்ளது. மரபில் இதனை எச்சபையும் விழாவெடுத்து வழங்குவதில்லை. நெடுங்காலச் சாதகமும் சக கலைஞரின் ஒப்புதலுமே இதனை ஈட்டித் தருவன.

இதனால் அம்மரபை நாம் இலட்சியமயப்படுத்திவிடலாகாது. அரசவைகளின் ஆதரவில் வளர்ந்த கரானா முறை, கலையறிவைக் குடும்பச் சொத்தாகப் பேணியது. அரிய உருப்படிகள் சீதனமாகவும் கொடுக்கப்பட்டன என்பர். நிலப்பிரபுத்துவ உறவுகளின் முத்திரையை இதிற் காண்கிறோம்.

இச்சுவரை உடைக்க முற்பட்டது தேசிய இயக்கச் சூழலில் எழுந்த மத்தியதர வர்க்கம். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரிலும், பாத்கண்டே 1926இல் லக்னோவிலும் இசைக் கல்லூரிகளை நிறுவினர். சுரக்குறிப்பும் பாடத்திட்டமும் கலையைப் பலர்க்கும் திறந்துவிட்டன. இது முற்போக்கான பணியே. எனினும் அதே இயக்கம் உஸ்தாத்களைக் கல்வியறிவற்றோர், வித்தையை ஒளிப்போர் எனச் சித்திரித்தது. அவர்களுக்கு எதிர்நிலையில் 'பண்டிட்' முன்னிறுத்தப்பட்டார். கைத்திறனுக்கும் ஏட்டறிவுக்கும் இடையிலான பிளவு மதப்பிளவின் வடிவம் பெற்றது.

மைஹரில் அலாவுதீன் கானிடம் பயின்ற மூவரை நோக்குவோம். மகன் அலி அக்பர் கான் உஸ்தாத். மாணவர் ரவி சங்கர் பண்டிட். ஆசான் ஒருவர், பயிற்சி ஒன்று. பட்டங்களை வேறுபடுத்தியது பிறந்த மதமேயன்றி இசையன்று. மகள் அன்னபூர்ணாவோ சுர்பஹார் வாத்தியத்தில் ஈடிணையற்றவர். அவருக்கு வாய்த்தது 'தேவி' என்ற அடைமொழியே. பாய், பேகம், தேவி எனப் பெண் கலைஞர் பெற்ற அடைமொழிகள் அவர்தம் குடும்ப நிலையையும் சமூகக் கௌரவத்தையும் சுட்டினவேயன்றித் தேர்ச்சியைச் சுட்டவில்லை. 'விதுஷி' என்னும் வழக்கு பரவியது பின்னரேயாகும்.

ஆகவே பட்டங்களை ஒழிப்பது பற்றியதன்று எமது வாதம். மதமும் பாலும் மறைத்துவிட்ட உழைப்பை அச்சொற்களின் பின்னே மீண்டும் காண்பதே திறனாய்வின் கடன். உஸ்தாத் என்பதன் முதற்பொருள் அதற்கு இன்றும் இடந்தருகின்றது.