வேலூர்க் கோட்டை தூய யோவான் ஆலயம்

வேலூர்க் கோட்டைக்குள் உள்ள தூய யோவான் ஆலயம், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரின் வழிபாட்டுக்காக 1846இல் கட்டப்பட்டது. கோட்டைக்குள் இருப்பதாலேயே இதை அரண் ஆலயம் எனல் பொருந்தாது. அப்பெயருக்கு உரியது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியன்னை ஆலயமே (1680). அதன் சுவர் 4 அடிக் கனம். குண்டு விழுந்தாலும் தாங்குமாறு கூரை வளைத்து 2 அடிக் கனத்தில் கட்டப்பட்டது. கதவு, சன்னல் தவிர மரமே சேர்க்கவில்லை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையையும் அது கண்டது.

வேலூர் ஆலயத்துக்குக் காவல், சுற்றியுள்ள அகழியும் கருங்கல் மதிலும்தான். 1799இல் திப்பு வீழ்ந்தபின் வெளிப் பீரங்கிக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. கம்பெனிக்கு ஆபத்து மதிலுக்குள்ளிருந்தே வந்தது: நெற்றிக்குறிக்குத் தடை, தோல் பதித்த தலைப்பாகை ஆகியவற்றால் 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மாணவர்கள் இந்த ஆலயத்தை அப்புரட்சியோடு சேர்த்துவிடக் கூடாது. அது எழுந்தது 40 ஆண்டுகள் கழித்து.